ஒரு வாரம் ஆட்ட நாயகன், மறுவாரம் ஆளையே காணோம்: புதிய கிளப்பில் ஒரு ஃபுட்டி வீரரின் முதல் பருவம்

பின்னணி

மெல்போர்னின் கிழக்குப் புறநகர்ப் பகுதியில், வார இறுதி லீக் ஒன்றில் ஆடும் ஒரு கிளப்பில் நடந்தது இது. வீரர், பயிற்சியாளர், கிளப் என யாருடைய பெயரையும் சொல்லப் போவதில்லை. ஆளைக் கண்டுபிடித்துவிடக் கூடிய இரண்டொரு விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். அந்தக் கிளப்பில் சனிக்கிழமைதோறும் எல்லைக்கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து புள்ளிவிவரம் எடுப்பது என் வேலை. மகன் ஜூனியர் அணியில் ஆடிய காலத்தில் ஸ்கோர் போர்டு பக்கம் உதவிக்குப் போனேன். அவன் ஆட்டத்தை விட்டுவிட்டான், நான் விடவில்லை.

ஃபுட்டி என்று செல்லமாக அழைக்கப்படும் ஆஸ்திரேலிய ரூல்ஸ் ஃபுட்பாலை அதிகம் பார்க்காதவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். ஒரு பக்கத்துக்கு 18 பேர். மைதானம் நீள்வட்டம், நீளம் 135 முதல் 185 மீட்டர் வரை இருக்கலாம். பந்தை உதைக்கலாம், அல்லது ஒரு கையில் வைத்து மறுகை முஷ்டியால் குத்தி அனுப்பலாம். இந்தக் குத்துக்கு ஹேண்ட்பால் என்று பெயர். எறியக் கூடாது. நடுவில் நிற்கும் இரண்டு உயரக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் கோல், 6 புள்ளி. அதை ஒட்டிய பக்கக் கம்பங்களுக்குள் போனால் பிஹைண்ட், 1 புள்ளி. நான்கு கால் பகுதிகள். ஆஃப்சைடு என்ற விதியே கிடையாது. இந்தக் கடைசி விஷயம்தான், ஒரு வீரரைப் பற்றிப் பின்னால் நாங்கள் செய்த வீடியோ ஆய்வுக்கு முக்கியம். ஆட்டம் ஓடும்போது யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம் என்பதால், ஒருவர் சும்மா நிற்கிறாரா, சரியான இடத்தில் காத்திருக்கிறாரா என்று வெளியிலிருந்து சட்டென்று சொல்ல முடியாது.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். விக்டோரியா மாநிலத்தின் உள்ளூர் கிளப்புகளில் 2016 முதல் வீரர் புள்ளி முறை நடைமுறையில் இருக்கிறது. கிளப்பிலேயே வளர்ந்த வீரருக்கு 1 புள்ளி. வெளியிலிருந்து வருபவருக்கு, அவர் முன்பு எந்தத் தரத்தில் ஆடினார் என்பதைப் பொறுத்துக் கூடுதல் புள்ளி. களமிறங்கும் அணியின் மொத்தப் புள்ளி லீக் நிர்ணயித்த வரம்பைத் தாண்டக் கூடாது. அதே கிளப்பில் தொடர்ந்து ஆடினால் ஆண்டுக்கு ஒரு புள்ளி குறையும். வீரர்களுக்குத் தரும் பணத்துக்கும் தனியாக உச்சவரம்பு உண்டு. பணக்கார கிளப் எல்லா நல்ல ஆட்டக்காரர்களையும் அள்ளிக்கொண்டு போகாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. ஆகவே புதிதாக ஒருவரைச் சேர்த்தால் பணத்தோடு சேர்த்து புள்ளியும் செலவாகிறது. அவர் ஒரு வாரம் ஆடி மறுவாரம் ஆடாவிட்டால், அந்த இடத்தில் வேறு ஒருவர் ஆடியிருக்கலாமே என்ற கேள்வி கமிட்டியில் கட்டாயம் எழும்.

நம் வீரருக்கு அப்போது இருபதுகளின் நடுவயது. இடது கால் ஆட்டக்காரர். வடக்கு விக்டோரியாவின் கிராமப்புற லீக் ஒன்றில் பல ஆண்டுகள் மிட்ஃபீல்டில் ஆடி, அங்கே பருவத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான பெஸ்ட் அண்ட் ஃபேரஸ்ட் விருதும் வாங்கியவர். துணைவிக்கு மெல்போர்னில் வேலை கிடைத்ததால் இருவரும் குடிபெயர்ந்து வந்தார்கள். இவருக்கு ஒரு குளிர்பதனக் கிடங்கில் ஷிஃப்ட் வேலை. எங்கள் பயிற்சியாளர் அவருடைய வீடியோ துணுக்குகளைப் பார்த்தார், பழைய பயிற்சியாளரிடம் ஒரு முறை தொலைபேசியில் பேசினார், சேர்த்துக்கொண்டார். துணுக்குகள் எல்லாம் வெயில் காய்ந்த, அகலமான மைதானங்களில் எடுத்தவை.

முன்பருவமும் தொடக்கமும்

நவம்பரில் பயிற்சி தொடங்கியதிலிருந்தே அவரைப் பற்றி நல்ல பேச்சு. 2 கிலோமீட்டர் ஓட்டத்தில் முன்னணியில் வந்தார். நேரம் தவறாமல் வந்தார், கூம்புகளை அடுக்கி வைக்க உதவினார். மார்ச் மாதப் பயிற்சி ஆட்டங்களில் பந்தை வாங்கிக்கொண்டு வேகமெடுத்து, இடது காலால் 50 மீட்டர் தூரத்துக்கு முன்கள வீரரின் கையில் கொண்டுபோய் வைத்தார். நடுமைதானத்தில் தொடங்கும் மூவரில் ஒருவராக அவரை வைப்பது என்று பயிற்சியாளர் முடிவு செய்தார். அந்த நேரத்தில் அதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை.

ஏப்ரலில் பருவம் தொடங்கியது. முதல் சுற்றில் அவர்தான் மைதானத்தின் சிறந்த ஆட்டக்காரர். உதையும் ஹேண்ட்பாலுமாக 25-க்கு மேல் டிஸ்போசல்கள். அடுத்த வாரம் சுமார். மூன்றாம் வாரம் மறுபடியும் பிரமாதம். நான்காம் வாரம் டிஸ்போசல்கள் பத்தைத் தொடவில்லை. ஐந்தாம் வாரம் மூன்று கோல். ஆறாம் வாரம் அவர் ஆடினாரா என்று கேட்கும்படி இருந்தது.

பேச்சு எழுந்த விதம்

ஒரு வீரர் மோசமாக ஆடினால் உள்ளூர் மைதானத்தில் அவரைக் குறை சொல்வார்கள், அத்தோடு விட்டுவிடுவார்கள். ஒரு வாரம் அபாரமாக ஆடி மறுவாரம் காணாமல் போகிறவரைத்தான் மன்னிக்க மாட்டார்கள். ‘இவனால் முடியும், ஆனால் மனசு வைக்க மாட்டேங்கிறான்’ என்று அவருடைய குணத்தின் மேலேயே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். இவருக்கும் அதுதான் நடந்தது. அணி ஜெயிக்கும்போது மட்டும் ஓடுகிறவரை இங்கே ‘டவுன்ஹில் ஸ்கீயர்’ என்பார்கள். மே மாதக் கடைசியில் அந்தச் சொல் கேன்டீன் வரிசையில் என் காதில் விழுந்தது.

இன்னொரு பக்கம் வாக்குகள் வேறு கதை சொல்லின. எங்கள் கிளப்பில் ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் பயிற்சியாளர் குழு சிறந்த சிலருக்கு வாக்களிக்கும். தேசிய முதன்மை லீக்கான ஏஎஃப்எல்லில், ஆண்டின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கத்துக்கு நடுவர்கள் 3, 2, 1 என்று மூன்று பேருக்கு மட்டும் தருகிறார்களே, அதே மாதிரி. இந்த வகை வாக்கெடுப்பு உச்சத்துக்குத்தான் பரிசு தருகிறது. அன்றைக்கு நான்காவது சிறந்தவராக ஆடியவருக்கும், ஆகக் கடைசியாக ஆடியவருக்கும் ஒரே மதிப்பு: பூஜ்யம். ஆகவே ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் ஜொலிக்கிறவர், வாராவாரம் ஒழுங்காக ஆடுகிறவரைவிட மேலே வந்துவிடுவார். எங்கள் வீரர் அப்போது வாக்குப் பட்டியலில் முன்வரிசையில் இருந்தார். பயிற்சியாளருக்கோ அவரைச் சீனியர் அணியில் வைத்திருப்பதா என்ற சந்தேகம். இரண்டும் ஒரே ஆளைப் பற்றியது.

ஜூன்: ரிசர்வ்ஸுக்கு அனுப்புவதா?

ஜூன் தொடக்கத்தில் தேர்வுக் குழுவில் இதை வெளிப்படையாகப் பேசினார்கள். இரண்டு தரப்பு. கிளப்பின் இரண்டாம் அணியான ரிசர்வ்ஸுக்கு ஒரு வாரம் அனுப்பினால் புத்தி வரும் என்றது ஒரு தரப்பு. முயற்சி குறைந்தவருக்கு அது பலன் தரலாம். ஆனால் முயற்சி குறைவுதான் காரணம் என்று யார் நிரூபித்தது என்றது மறுதரப்பு. பயிற்சியாளர் இரண்டாவது பக்கம் சாய்ந்தார். அவர் சொன்ன காரணம் எனக்குச் சரியென்று பட்டது: ரிசர்வ்ஸ் ஆட்டத்தில் இவருக்கு இடமும் நேரமும் தாராளமாகக் கிடைக்கும், 30 முறை பந்தைத் தொடுவார், நாமும் திரும்பக் கூட்டிக்கொள்வோம், எதுவும் தெரிந்திருக்காது.

அதற்குப் பதிலாக அவர் மூன்று பேரை உட்காரவைத்தார். நான், எழுபதுகளில் அந்தக் கிளப்பின் தற்காப்பில் ஆடிய ஒரு பெரியவர், அப்புறம் அணியின் ட்ரெய்னர். ட்ரெய்னர் என்றால் இங்கே பயிற்சியாளர் அல்ல. ஆட்டத்துக்கு முன் கணுக்காலுக்கு டேப் சுற்றி, தண்ணீர் கொண்டு ஓடி, அடிபட்டால் முதலில் போய்ப் பார்ப்பவர். எங்கள் ட்ரெய்னர் வாரநாட்களில் நர்ஸ் வேலை பார்ப்பவர். அதுவரை ஆடிய எல்லா ஆட்டங்களின் வீடியோவையும் பார்த்து, அவர் ஏன் இப்படி ஏறி இறங்குகிறார் என்று பதில் சொல்ல வேண்டும். ஆளை நல்லவர், கெட்டவர் என்று எழுதக் கூடாது. அதுதான் எங்களுக்கு இட்ட வேலை.

எதைக் கவனித்தோம்

டிஸ்போசல் எண்ணிக்கையை முதலில் ஓரமாக வைத்தோம். ஒவ்வொரு கால் பகுதிக்கும் வேறு சில கேள்விகள் கேட்டோம். நடுமைதானத் தொடக்கத்தில் அவர் எத்தனை முறை இருந்தார்? பந்து அவருக்கு எப்படி வந்தது: மல்லுக்கட்டி எடுத்ததா, வேறொருவர் எடுத்துக் கொடுத்ததா? கொடுத்தது யார்? அவரையே ஒட்டிக்கொண்டு தடுக்க எதிரணி தனி ஆள் போட்டதா? மழையா, காய்ந்த தரையா? காற்று எந்தப் பக்கம்? பந்து எதிரணியிடம் போன அடுத்த நொடியில் அவர் என்ன செய்தார்?

மல்லுக்கட்டி எடுத்த பந்து, சும்மா வந்த பந்து என்ற பிரிவினை ஏஎஃப்எல் மட்டத்தில் சாதாரண விஷயம். அங்கே அதிகாரபூர்வமாகப் புள்ளிவிவரம் எடுக்கும் சாம்பியன் டேட்டா நிறுவனம் எல்லா வீரருக்கும் இதைத் தனித்தனியாக எண்ணுகிறது. உள்ளூரில் பொதுவாக யாரும் எண்ணுவதில்லை. ஆள் பற்றாக்குறைதான் காரணம்.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. புறநகர் மைதானங்களில் கூரையோ உயர்ந்த காலரியோ கிடையாது. காற்று ஒரு பக்கமாக அடித்தால் ஆட்டமே அந்தப் பக்கம் சாயும். ஒரு கால் பகுதி முழுக்க ஓர் அணிக்குப் பந்தே கிடைக்காது. அதனால் அவருடைய எண்ணிக்கையைத் தனியாகப் பார்க்காமல், அதே கால் பகுதியில் நம் அணியின் மற்ற மிட்ஃபீல்டர்களோடு சேர்த்துப் பார்த்தோம். இதைச் செய்ததுமே ‘மோசமான’ கால் பகுதிகளில் ஒரு பகுதி பட்டியலிலிருந்து கழன்றுவிட்டது. அந்த நேரத்தில் எல்லோருக்குமே அதே நிலைதான்.

வீடியோவில் தெரிந்தது

பெரியவர்தான் முதலில் கண்டுபிடித்தார். ஒரு மழை நாள் ஆட்டத்தின் மூன்றாம் கால் பகுதி. விங் என்று சொல்லும் மைதானத்தின் பக்கவாட்டு ஓரத்தில் பந்து முடங்கி, நடுவர் மேலே எறிந்து மீண்டும் தொடங்குகிறார். அந்தப் பந்துக்காக மோதும் இரு அணிகளின் உயரமான ஆட்டக்காரர்களான ரக்மேன்கள் குதிக்கிறார்கள், பந்து சேற்றில் விழுகிறது. நம் வீரர் கும்பலுக்கு நாலு எட்டு வெளியே, நாம் கோல் போட வேண்டிய பக்கம் உடம்பைத் திருப்பி, முழங்காலை லேசாக மடக்கி, ஓடத் தயாராக நிற்கிறார். உள்ளே இருந்து ஹேண்ட்பால் வரும் என்று காத்திருக்கிறார். வரவில்லை. எதிரணிக்காரர் சேற்றிலிருந்து பந்தை உருவி எடுத்து, இவருக்குப் பின்பக்கமாக உதைத்துவிடுகிறார். இவர் இரண்டு எட்டு துரத்தி நின்றுவிடுகிறார். எல்லைக்கோட்டில் கூச்சல் கேட்கிறது.

பெரியவர் அதை நிறுத்திவிட்டு, முதல் சுற்று ஆட்டத்தைப் போடச் சொன்னார். காய்ந்த தரை. அதே மாதிரி ஸ்டாப்பேஜ் (பந்து முடங்கி ஆட்டத்தை நடுவர் மீண்டும் தொடங்கும் இடம்), அதே நாலு எட்டு, அதே திருப்பிய உடம்பு. ஹேண்ட்பால் வருகிறது, வேகத்தில் வாங்குகிறார், இடது கால், 50 மீட்டர், கோல். அதே எல்லைக்கோட்டில் கைதட்டல்.

இரண்டு நாளும் அவர் ஒரே ஆட்டத்தைத்தான் ஆடியிருக்கிறார். மாறியது உள்ளே இருந்து பந்து வெளியே வந்ததா இல்லையா என்பதுதான். இதைப் பார்த்த பிறகு மற்ற ஆட்டங்களை வேறு கண்ணோடு பார்த்தோம்.

நல்ல நாட்களில் அவருக்குப் பந்து கொடுத்தது பெரும்பாலும் ஒரே ஆள்: எங்கள் அணியில் கும்பலுக்குள் தலையைக் கொடுத்துப் பந்தை எடுக்கும், குட்டையான, அகன்ற தோள் கொண்ட மிட்ஃபீல்டர். அவருக்குத் தொடையின் பின்தசை பிடித்துக்கொண்டு சில வாரங்கள் வெளியே இருந்தார். நம் வீரரின் மோசமான ஆட்டங்களில் பாதிக்கு மேல் அந்த வாரங்களில் விழுந்தன. பயிற்சியாளர் பழைய கிளப்புக்கு மறுபடி போன் செய்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: அங்கே இவருக்குப் பந்து கொடுத்தது யார்? நடுமைதானத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேர் இருந்தார்கள், இருவரும் முரட்டு ஆட்டக்காரர்கள், பந்து இவரைத் தேடி வரும் என்று பதில் வந்தது. வாங்கிக்கொண்டு வந்த துணுக்குகளில் இது தெரிய வாய்ப்பே இல்லை. துணுக்கு அவர் கையில் பந்து வந்த பிறகுதான் தொடங்கும்.

அடுத்தது தரை. மெல்போர்னில் ஜூன், ஜூலை மாதங்களில் உள்ளூர் மைதானத்தின் நடுப்பகுதி சேறாகிவிடும். கோடையில் கிரிக்கெட் ஆடும் பிட்ச் அங்கேதான் இருக்கிறது. சேற்றில் பந்து துள்ளாது, ஹேண்ட்பால் வழுக்கும், வெளியே நிற்பவருக்குச் சுத்தமான பந்து வரவே வராது. வெளியே காத்திருந்து ஆடுபவருக்கு இது கெட்ட காலம்.

மூன்றாவது விஷயம் ட்ரெய்னர் மூலமாக வந்தது. ஓர் ஆட்டத்தின் இடைவேளையில் இவர் உடைமாற்றும் அறைத் தரையில் சுவரில் சாய்ந்து, ஷூ லேஸை அவிழ்த்துவிட்டு, யாரோ நீட்டிய தண்ணீரை வாங்காமல் உட்கார்ந்திருந்ததை அவர் கவனித்திருக்கிறார். அடுத்த வாரம் கணுக்காலுக்கு டேப் சுற்றும்போது சும்மா பேச்சுக் கொடுத்தார். வெள்ளி இரவு ஷிஃப்ட் முடித்து, சனிக்கிழமை காலை வீட்டுக்குப் போய் மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு வந்தேன் என்றாராம். ஷிஃப்ட் சுழற்சியில் இது அடிக்கடி வரும். கிளப்பில் யாரும் கேட்டதில்லை, அவரும் சாக்குச் சொல்வதாகத் தெரியும் என்று வாயைத் திறக்கவில்லை. அவருடைய சம்மதத்தோடு ஷிஃப்ட் பட்டியலை ஆட்டப் பட்டியலோடு வைத்துப் பார்த்தோம். கெட்ட ஆட்டங்கள் சிலவற்றுக்கு அது பொருந்தியது. ஆனால் அவருடைய மிகச் சிறந்த ஆட்டங்களில் ஒன்றும் இரவு வேலைக்குப் பிறகுதான் வந்திருந்தது. ஆகவே அதை முழுக் காரணம் என்று எழுதவில்லை. ஆனால் கடைசிக் கால் பகுதியில் அவர் ஓட்டம் விழுவது இரவு வேலைக்குப் பிந்திய ஆட்டங்களில் தெளிவாகவே தெரிந்தது.

எதிரணி அவர் மேல் தனி ஆள் போட்ட ஆட்டங்களும் இருந்தன. அவற்றில் அவர் திணறினார். முதல் சில சுற்றுகளில் அப்படி ஆடுகிறவரை எதிரணி கவனிக்காமல் விடாது.

இவ்வளவு தூரம் அவருக்குச் சாதகமாகவே எழுதியிருக்கிறேன். இனி எழுதப் போவதுதான் அறிக்கையின் கடினமான பகுதி. பந்து எதிரணியிடம் போன பிறகு திரும்பி ஓடித் தடுப்பது அவருடைய பலவீனம். இரண்டு எட்டு துரத்தி நின்றுவிடுவதை மேலே சொன்னேன். அதை எல்லா ஆட்டங்களிலும் தேடினோம். மழை நாளில் இருந்தது. காய்ந்த தரையிலும் இருந்தது. அவர் மைதானத்தின் சிறந்த ஆட்டக்காரராக வந்த முதல் சுற்றிலும் இருந்தது. அன்றைக்குக் கோல் போட்டதால் யார் கண்ணிலும் படவில்லை. அவருடைய ஆட்டத்தில் வாரத்துக்கு வாரம் மாறாமல் சீராக இருந்த அம்சம் இதுதான். எல்லைக்கோட்டில் பேசியவர்கள் குறையைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். அது கெட்ட நாட்களில் மட்டும் வருகிறது, மனசு வைக்காததால் வருகிறது என்று நினைத்ததுதான் தவறு. அப்படியே பழகியிருக்கிறார். பழைய கிளப்பில் அவருக்குப் பின்னால் ஓட வேறு ஆட்கள் இருந்திருக்கிறார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க, அணியில் மிக நம்பகமானவர் என்று எல்லோரும் சொல்லும் தற்காப்பு வீரர் ஒருவரையும் இதே முறையில் பார்த்தோம். அவருக்கும் நல்ல வாரம், கெட்ட வாரம் இருந்தது, நாங்கள் நினைத்ததைவிட அதிகமாகவே. தற்காப்பில் ஒருவர் சறுக்கினால் அந்த கோல் அணிக் கணக்கில் போய்விடும். மிட்ஃபீல்டருக்கு மட்டும்தான் எண்ணிக்கை பெயரோடு ஒட்டிக்கொள்கிறது.

எடுத்த முடிவுகள்

முதலாவது, அவரைச் சீனியர் அணியிலேயே வைத்து, நடுமைதானத் தொடக்கத்திலிருந்து விங்குக்கு மாற்றுவது. விங்கில் இடம் அதிகம், அவருடைய ஓட்டத்துக்கு அது தோது. அவர் மேல் தனி ஆள் போடுவதும் எதிரணிக்குக் கடினம். நடுமைதானத்துக்கும் எதிரணி கோலுக்கும் இடைப்பட்ட ஹாஃப் ஃபார்வர்டில் வைக்கலாம் என்று ஒரு யோசனை இருந்தது. அங்கே பந்து வராத நேரம் இன்னும் அதிகம், தடுப்பு அழுத்தம் தருவதுதான் முக்கிய வேலை, அவருடைய பலவீனத்திலேயே கொண்டுபோய் வைப்பதாகும் என்று கைவிட்டோம்.

இரண்டாவது, ஸ்டாப்பேஜில் அவர் நிற்கும் இடம். நம் தற்காப்புப் பாதியில் பந்து முடங்கினால் அவர் எதிராளிக்கும் நம் கோலுக்கும் நடுவில் நிற்க வேண்டும், வெளியே காத்திருக்கக் கூடாது. எதிரணிப் பாதியில் அவர் இஷ்டம். ஒரே ஒரு விதி, அதை எந்தச் சூழலிலும் மறக்க முடியாதபடி.

மூன்றாவது, வாராவாரம் அவரிடம் டிஸ்போசல் எண்ணிக்கையைக் காட்டுவதில்லை என்று முடிவானது. பந்து பறிபோன பிறகு எத்தனை முறை முழுசாகத் துரத்தினார் என்பதையும், ஸ்டாப்பேஜில் சரியான பக்கம் நின்றாரா என்பதையும் மட்டும் காட்டினோம்.

பயிற்சியாளர் இதை அவரிடம் பேசியபோது நானும் இருந்தேன். இரண்டு வீடியோவையும் அடுத்தடுத்துப் போட்டார். வீரர் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் சொன்னார்: “எல்லாரும் இன்னும் முயற்சி பண்ணு, இன்னும் முயற்சி பண்ணுன்னே சொன்னாங்க. எதை மாத்தணும்னு இப்பத்தான் சொல்றீங்க.” வெள்ளி ஷிஃப்ட்டை மாற்றிக் கேட்கும் யோசனை அவருடையது. கிடங்கில் பேசி, பாதி வாரங்களுக்கு வேலை நேரத்தை மாற்றிக்கொண்டார்.

அதற்குப் பின்

முதலில் எண்ணிக்கை குறைந்தது. விங்குக்குப் போனவருக்கு நடுமைதானத்தில் கிடைத்த அளவு பந்து கிடைக்காது. கேன்டீன் வரிசையில் ‘இப்போ சுத்தமா ஒண்ணுமில்லாம ஆயிட்டான்’ என்றார்கள். ஆனால் பத்துக்கும் கீழே இறங்கிய ஆட்டங்கள் நின்றுவிட்டன. ஜூலையில் ஒரு சேற்று ஆட்டத்தில், நம் பாதியில் சரியான பக்கம் நின்று, எதிரணிக்காரர் உதைக்கப் போன பந்தின் மேல் விழுந்து தடுத்தார். மே மாதத்தில் அவரிடம் அதைப் பார்த்திருக்க முடியாது. அந்த வாரம் அவருக்கு ஒரு வாக்குகூட விழவில்லை. நாங்கள் மூன்று பேரும் அதைத்தான் அவருடைய பருவத்தின் சிறந்த ஆட்டம் என்று குறித்தோம்.

எல்லாம் ஒரேயடியாகச் சரியாகிவிடவில்லை. அணி பெரிய இடைவெளியில் பின்தங்கிய ஓர் ஆட்டத்தில் பழைய வழக்கம் திரும்பியது. இரண்டு எட்டு, நின்றுவிடுதல். பழக்கத்தைச் சில வாரங்களில் மாற்றிவிட முடியாது.

ஆகஸ்டில் தலையில் அடிபட்டது. உதைத்து வந்த பந்தைக் கையில் பிடிக்க (இதற்கு மார்க் என்று பெயர்) எகிறியவரின் முழங்கால் இவர் நெற்றியில் பட்டது. உள்ளூர் ஆட்டத்தில் 2024 முதல் உள்ள விதிப்படி, மூளையதிர்ச்சி என்று உறுதியானால் குறைந்தது 21 நாள் கழித்துத்தான் ஆட்டத்துக்குத் திரும்பலாம். கடைசிச் சுற்றுகள் அத்தனையும் போயின. எங்கள் ஆய்வுக்கும் அது இழப்புதான்: ஷிஃப்ட் மாற்றம், இட மாற்றம், விதி மூன்றும் சேர்ந்து நடந்த வாரங்களே குறைவு, அதில் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல வழியில்லாமல் போனது. ட்ரெய்னர் அவரை ஒரு நாள் முன்னதாகக்கூட இறக்க விடவில்லை. அது மிகச் சரியான முடிவு. தோற்றால் வெளியேற வேண்டிய எலிமினேஷன் ஃபைனலில் திரும்பி வந்து மிதமாக ஆடினார். அணி தோற்றது.

செப்டம்பர்: வைத்துக்கொள்வதா, விடுவதா

கமிட்டிக் கூட்டத்தில் பொருளாளர் எதிர்த்தார். கொடுத்த பணத்துக்குப் பாதி பருவம்தான் கிடைத்தது என்பது அவர் வாதம். அது நியாயமான வாதம், ஒதுக்கித் தள்ள முடியாது. எங்கள் அறிக்கை வேறொரு கணக்கை முன்வைத்தது. இவருடைய ஏற்ற இறக்கத்துக்குப் பெரிய காரணம் அணியில் உள்ளே புகுந்து பந்தெடுக்க ஒரே ஒரு ஆள் இருந்தது. அவர் காயமடைந்தால் இவர் மட்டுமல்ல, வெளியே ஆடும் எல்லோரும் விழுகிறார்கள். இவரை விட்டுவிட்டு இதேபோல இன்னொரு வேகக்காரரைச் சேர்த்தால், அடுத்த ஜூனிலும் இதே கூட்டம் நடக்கும். இவர் இரண்டாம் ஆண்டும் இருந்தால் ஒரு புள்ளி குறைகிறது. அந்த மிச்சத்தோடு ஒரு முரட்டு மிட்ஃபீல்டரைத் தேடலாம்.

பணத்தைக் கூட்டாமல், அதே தொகையில் ஓராண்டுக்கு வைத்துக்கொள்வது என்று முடிவானது. வேறொரு கிளப்பும் அவரைக் கேட்டிருந்தது, அவர் வீட்டுக்குப் பக்கம் வேறு. இருந்தும் எங்களிடமே கையெழுத்திட்டார்.

அடுத்த பருவத்தின் முதல் பாதி வரை நான் பார்த்தது இது. உள்ளே ஆடும் புதியவர் வந்துவிட்டார். நம் வீரர் விங்கில் நிலையாக இருக்கிறார், வாக்குப் பட்டியலில் நடுவில் இருக்கிறார், அவரை எடுப்பதா வேண்டாமா என்று தேர்வுக் குழுவில் பேச்சே வருவதில்லை. ஏற்ற இறக்கம் இருக்கிறது, அளவு சிறியது. அணி பின்தங்கும்போது திரும்பி ஓடுவது இன்னும் தளர்கிறது. அதைத் தொடர்ந்து காட்டிக்கொண்டிருக்கிறோம்.

இனி மாற்றியிருப்பவை

ஒருவரைச் சேர்க்கும் முன் அவர் எப்படி ஆடுகிறார் என்று மட்டும் கேட்டு நிறுத்துவதில்லை. அவருக்குப் பந்து கொடுப்பவர் யார், எந்த மாதிரித் தரையில் ஆடியிருக்கிறார், வெள்ளி இரவு என்ன வேலை என்றும் கேட்க வேண்டும். துணுக்குகள் போதாது, குறைந்தது ஒரு முழு ஆட்டத்தின் வீடியோ வேண்டும், முடிந்தால் அணி தோற்ற ஆட்டம்.

புதியவர் எவராக இருந்தாலும் ஆறாம் சுற்றோடு ஒரு பார்வை, பேச்சு எழுந்தாலும் எழாவிட்டாலும். ஜூன் வரை காத்திருந்ததில் ஒரு நல்ல வீரரின் பெயர் கெட்டுப்போக நேரம் கிடைத்துவிட்டது. வாக்குகளோடு கூடவே, ஒவ்வொருவருடைய மிக மோசமான மூன்று ஆட்டங்களையும் தனியாகக் குறித்துவைக்கிறோம். தற்காப்பு வீரர்களுக்கும் அதே ஏடு, அதே கேள்விகள்.

இந்த ஆண்டுக்கு நவம்பரில் வந்த இரண்டு பேரிடமும் இதையெல்லாம் முதல் வாரத்திலேயே கேட்டாயிற்று. ஒருவர் பேக்கரியில் வேலை பார்க்கிறார், சனிக்கிழமை விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்துவிடுவார். அவரை மூன்றாம் கால் பகுதியின் முதல் பத்து நிமிடம் பெஞ்சில் உட்காரவைத்து, கடைசிக் கால் பகுதிக்குத் தெம்போடு இறக்குகிறோம்.